ஜெஸி அக்காவுக்க பழைய டேப்லெட்

இன்னைக்கு பாறசாலை சர்ச்சில பாட்டு பிராக்டிஸ். என் புது டேப்லெட்டை எல்லாரும் பாக்கட்டும்னு சீக்கிரமே போயிட்டேன்.

பக்கத்துல நின்னு பாடுற ஜெஸி அக்கா, பையிலிருந்து லேப்டாப் மாதிரி, செங்கல் கனத்துக்கு ஒரு பழைய டேப்லெட்டை எடுத்தாங்க. டேப்லெட் வந்த புதுசுல அவங்க வீட்டுக்காரர் கல்ஃபிலிருந்து கொண்டுவந்ததாம்.

திரையைத் திருப்பிக் கீபோர்டு மேல மடக்கினாங்க. ஓரத்துல சொருகியிருந்த பேனாவை உருவி, திரையில இருந்த பாட்டுல மூச்சு விடுற இடத்தையெல்லாம் குறிச்சாங்க. என் டேப்லெட்டுக்குப் பேனா தனியா வாங்கணும்.

என் தனிப்பாட்டு நேரம் பாத்து ரெண்டு டேப்லெட்டுலயும் சார்ஜ் தீர்ந்துபோச்சு. அக்கா பின்னால பேட்டரியைக் கழற்றி வேற ஒண்ணை மாட்டினாங்க. நான் வரி தெரியாம முழிச்சேன். அவங்க பாடி முடிச்சாங்க.

"ஞாயிற்றுக்கிழமையும் ஜெஸியே பாடட்டும்"னு பாட்டு மாஸ்டர் சொல்லிட்டார்.

"அக்கா, எனக்க புதுச எடுத்துட்டு இதத் தருவியளா?"ன்னு கேட்டேன்.

"வேண்டாம் மக்கா. இதுதான் எனக்குக் கைப்பழக்கம் ஆக்கும்."

"நல்லா பாடினிய அக்கா, சந்தோஷம்"னு சிரிச்சேன். சர்ச்சுக்குள்ள நின்னு சொன்ன பொய்.

உங்க வீட்டு அலமாரியில இந்த மாதிரி பழசு உண்டா? சொல்லுங்க, நேர்ல வாறேன். அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.