அம்மாவின் விரலுக்கு ஒரு திரை

கல்யாண ஆல்பம் செய்கிறவளுக்குக் கண்தான் சோறு போடுகிறது. நுவரெலியாவில் ஒரு ஸ்டூடியோவில் பத்து வருடமாக அந்த வேலைதான் செய்கிறேன். கூறைச் சேலையின் சிவப்பைத் திரை சரியாகக் காட்டாவிட்டால் அச்சில் அது செங்கல் நிறமாக வரும்; மணப்பெண் காமாலை பிடித்தவள் மாதிரி நிற்பாள். ஏச்சு எனக்குத்தான் விழும். அதனால், வீட்டிலிருந்தும் கொஞ்சம் வேலை பார்க்கலாம் என்று, மடக்கினால் டேப்லெட் ஆகிவிடுகிற லேப்டாப் ஒன்று வாங்க நினைத்தபோது, மூன்று மாதம் திரைகளைப் பற்றி மட்டுமே படித்தேன். ஓலெட் திரைதான் என்று முடிவு செய்தேன். அதில் கறுப்பு என்றால் கறுப்பு, சிவப்பு என்றால் சிவப்பு. அதே விலையில், பளபளப்பில்லாத திரையும் எழுதுவதற்குப் பேனாவும் உள்ள இன்னொன்றும் இருந்தது. அதில் நிறங்கள் கொஞ்சம் சாம்பல் பூத்துத் தெரியும் என்றார்கள். அதை நான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் வேறொரு தொல்லை ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அவள் போனதில் அம்மாவுக்குத் துளியும் சம்மதமில்லை. புறப்பட்ட அன்று காலையில் அம்மா வழக்கம் போலக் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டார். பஸ் ஏற்றிவிட வரவில்லை. போவதற்கு முன் தங்கச்சி தன் சேமிப்பில் அம்மாவுக்கு ஒரு டச் போன் வாங்கி வைத்திருந்தாள். அதுவரை அம்மாவிடம் இருந்தது பட்டன் போன்தான்.

குவைத்தில் அவள் வேலை செய்கிற வீட்டம்மா தங்கச்சியின் போனை வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவள் கையில் கொடுப்பார், அதுவும் அரை மணி நேரத்துக்கு. அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்குத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வரும் நேரம். நான் டவுனில் இருப்பேன். தங்கச்சி முதலில் அம்மாவுக்கு எடுப்பாள். மணி அடித்து அடித்து நின்றுவிடும். பிறகு எனக்கு எடுப்பாள்.

"அம்மாவுக்கு இன்னும் கோவம் தீரல அக்கா. நா வாங்கிக் குடுத்த போனத் தொடக்கூட அவங்களுக்கு மனசு வரல."

நான் வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொள்வேன்.

"பச்சைய மேல இழுக்கணும்னு எத்தன தடவ காட்டிக் குடுத்தேன்? வேணும்னேதானே எடுக்காம இருக்கீங்க?"

"அது எனக்கு வராது புள்ள" என்பார் அம்மா. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார். அவ்வளவுதான் பதில். எனக்கு இன்னும் எரிச்சல் ஏறும். அந்த மௌனத்தை நானும் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்து பார்த்திருக்கலாம். வெள்ளிக்கிழமைகளில் ஸ்டூடியோவில் வேலை அதிகம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப் வாங்கக் கிளம்பினேன். அம்மாவும் ஒரு ஸ்வெட்டர் வாங்க வேண்டும் என்று கூட வந்தார். கடையில் ஓலெட் திரை ஒரு ரோஜாத் தோட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். கடைக்காரர் நல்ல மனிதர். ஓரமாக நின்ற அம்மாவையும் கூப்பிட்டார்.

"நீங்களும் தொட்டுப் பாருங்கம்மா. ஒன்னும் ஆகாது."

அம்மா சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்தார். திருப்பித் திருப்பித் துடைத்தார். பிறகு ரோஜாவின் மேல் விரலை வைத்தார். படம் அசையவில்லை. கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார். அப்போதும் அசையவில்லை. எதையோ உடைத்துவிட்டவர் போலக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நா தொட்டா இதெல்லாம் வேல செய்யாது தம்பி. வீட்டுல போனும் அப்படித்தான். எவ்வளவு தேச்சாலும் அது பாட்டுக்கு அடிச்சிக்கிட்டே இருக்கும். எனக்குப் படிப்பு இல்லல்ல, அதான்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

கடைக்காரர் அம்மாவின் விரல்களைப் பார்த்தார். தேயிலைக் கறை ஏறிக் கறுத்து, நுனியெல்லாம் காய்த்து, கோடு கோடாக வெடித்திருந்த விரல்கள்.

"கொழுந்து எடுக்கிற கையாம்மா? எங்க அம்மாவுக்கும் இதே கததான். இதுல படிப்பு ஒன்னும் இல்லம்மா. விரல்ல கொஞ்சமாச்சும் ஈரம் இருந்தாத்தான் இந்தக் கண்ணாடிக்கு ஆளத் தெரியும். தோல் காஞ்சு தடிச்சுப் போச்சுன்னா, நீங்க தொடுறதே அதுக்குத் தெரியாது."

ஈரம். போன் வாங்கிய முதல் நாளே அம்மாவிடம் நான் போட்ட கட்டளை ஒன்று உண்டு. ஈரக் கையோடு தொடாதீங்க, பழுதாகிவிடும் என்று சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்தில் மழையும் பனியும் போட்டி போட்டுக்கொண்டு நனைக்கும். போனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு. அம்மா அந்தச் சொல்லைத் தட்டவேயில்லை. ஏழு மாதமாக, மணி அடிக்கும்போதெல்லாம், இருந்த கொஞ்ச ஈரத்தையும் துடைத்துவிட்டுத்தான் போனைத் தொட்டிருக்கிறார். காட்டிக் கொடுத்தபோதெல்லாம் என் விரலால்தான் இழுத்துக் காட்டினேன். அம்மாவின் விரலை வைத்து ஒரு தடவைகூடச் செய்ய வைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அந்தக் கடையிலேயே அழுதுவிடுவேன் போல இருந்தது.

கடைக்காரர் அந்தப் பளபளப்பில்லாத லேப்டாப்பை எடுத்து மடக்கி வைத்து, அதன் பேனாவை அம்மாவிடம் நீட்டினார்.

"இதுக்கு விரலே தேவல்ல. பேனா நுனி பட்டாப் போதும்."

அம்மா பேனாவை வாங்கித் திரையில் வைத்தார். படம் திறந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் வைத்தார், மூடியது. திறந்தது, மூடியது. கடைக்காரர் சிரித்தார், அம்மாவும் சிரித்தார். தங்கச்சி போன பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பொய் சொல்ல மாட்டேன். ஓலெட் திரையை இன்னொரு தடவை பார்த்தேன், மனசு அடித்துக்கொண்டது. பிறகு சாம்பல் பூத்ததையே கட்டித் தரச் சொன்னேன். சிவப்பை ஸ்டூடியோ திரையில் இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டால் போயிற்று. போனிலேயே வேலை செய்கிற, ரப்பர் முனை வைத்த குச்சி ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று பின்னால் ஒருவர் என்னிடம் சொன்னார். கிடைக்கட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். தங்கச்சியின் அழைப்பு லேப்டாப்பிலேயே வரும்படி செய்து, மேசை மேல் கூடாரம் மாதிரி மடக்கி நிறுத்தினேன். அம்மா மலையிலிருந்து வந்து, சாப்பாட்டைத் தொடாமல், பேனாவைப் பிடித்தபடி எதிரே உட்கார்ந்தார். பன்னிரண்டரை தாண்டியதும் மணி அடித்தது. தங்கச்சியின் போட்டோ வந்தது. அம்மா பேனா நுனியைப் பச்சையில் வைத்தார்.

போட்டோ போய், அவளே வந்தாள். மெலிந்திருந்தாள்.

"அம்மா" என்றாள். "கோவம் தீந்துருச்சாம்மா?"

"கோவமா?" என்றார் அம்மா. "ஒவ்வொரு வெள்ளிக்கெழமயும் ஒன் போட்டோ வரும் மவளே. அது அணையிற வரைக்கும் தேச்சிக்கிட்டேதான் இருந்தேன். ஒரு வெள்ளிக்கெழமகூட விடல."

தங்கச்சி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனால் ஏழு மாதம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது போல உடம்பே லேசாக இருந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வெறும் கையால் தங்கச்சியின் முகத்தைத் தடவ ஆரம்பித்தார். நெற்றி, கன்னம், தாடை என்று விரல்கள் கீழே இறங்கி, அழைப்பைத் துண்டிக்கிற சிவப்புப் பொத்தான் மேலும் போயின. நான் பதறிக் கையை நீட்டினேன். பிறகு நினைவு வந்து, கையை மடக்கிக்கொண்டேன். அம்மாவின் விரல் சிவப்பின் மேல் அப்படியே இருந்தது. தங்கச்சி எங்கேயும் போகவில்லை.