என் குரல் போகும் ஆட்டோ

தென்காசியில் என் முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. குரலைத் தெரியாதவர்கள் இல்லை என்று கொஞ்சம் கர்வமாகவே சொல்லிக்கொள்வேன். ஆட்டோவின் மேல் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு விளம்பரம் செய்து போவார்களே, அதில் பேசுகிறவன் நான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடைத் திருவிழா, சர்ச்சில் அசன விருந்து, குடிநீர் வராத நாள், காணாமல் போன பிள்ளை, காலமானவர் வீட்டு முகவரி எல்லாம் என் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் மங்குஸ்தான் பழ வியாபாரிகள் எனக்காகக் காத்திருப்பார்கள். அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு லாட்ஜுக்கு ஓடுகிறவனையும் நிறுத்தி ஒரு கிலோ வாங்க வைத்துவிடுவேன்.

இப்போது அந்த வாயில் ஒரு வார்த்தைகூட வருவதில்லை. வலது கையும் சரியில்லை. இதை இடது கைக் கட்டைவிரலால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்தையாவது கடவுள் விட்டுவைத்தாரே என்கிறாள் மனைவி. எனக்கு அப்படியெல்லாம் திருப்திப்படத் தெரியவில்லை.

காலையில் எழும்போதே தலை வலிக்கத் தொடங்கியபோது எல்லோரும் பித்தம் என்றார்கள். நானும் நம்பினேன். குற்றாலத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவனுக்கு வேறு வைத்தியம் எதற்கு? தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் போய் நிற்பேன். தண்ணீர் மண்டையில் விழும்போது வலி தெரியாது. அந்த இரைச்சலில் எதுவுமே தெரியாது. அப்படியே மாதங்கள் போயின. ஒருநாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ‘மங்குஸ்தான்’ என்ற சொல் வரவில்லை. வியாபாரி சிரித்தார், நானும் சிரித்தேன். மறுபடி முயன்றேன், வரவில்லை. அப்போதுதான் பயம் வந்தது.

ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் கட்டி தெரிந்தது. பேச்சு உருவாகும் இடத்தை ஒட்டி இருக்கிறது, எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து, எடுத்தால் பேச்சு போகலாம் என்றார் டாக்டர். திரும்பி வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்று மிகவும் மென்மையாகச் சொன்னார். அந்த மென்மைதான் எனக்கு ஆத்திரமூட்டியது.

ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும் என்றார்கள். அதன் பிறகு கதிர்வீச்சு, மாத்திரை, மதுரைக்குப் போய்த் தங்கிவரும் செலவு என்று வரிசையாக நின்றன. பல வருடங்களாக என்னோடு ஓடும் ஆட்டோ டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். “அண்ணாச்சி, ஊருக்கெல்லாம் நீங்க கேட்டு வாங்கிக் குடுத்திருக்கிய. உங்களுக்கு ஊரு குடுக்காதா? பேச்சு இருக்கும்போதே பேசிப் பதிஞ்சிருவோம்.”

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுப் படுக்கையறையைச் சாத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தோம். பெயரைச் சொல்லி, எனக்கு மூளையில் கட்டி என்று தொடங்கினேன். அங்கேயே குரல் உடைந்துவிட்டது.

“இதையே போடுவோம் அண்ணாச்சி, கேக்குதவன் அழுதுருவான்” என்றார் டிரைவர்.

“ஏலே, சும்மா இரி” என்று அதை அழித்துவிட்டேன். பிசிறடித்த பதிவு எதையும் நான் தெருவில் விட்டதில்லை.

“பேரைச் சொல்லுங்க, யாருக்குன்னு தெரியாம எவன் காசு போடுவான்?” என்றாள் மனைவி. என் குரலைக் கேட்டாலே ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அவள் வாயை அடைத்தேன். உண்மையில் எனக்குக் கூச்சமாக இருந்தது. மற்றவர்களுக்காகக் கேட்கும்போது நிமிர்ந்து நின்று கேட்டுவிடலாம். எனக்காகக் கேட்க நாக்கு எழவில்லை. அதனால் வழக்கம்போலவே பேசினேன். “அன்பார்ந்த பொதுமக்களே! நம் ஊரைச் சேர்ந்த உழைப்பாளி ஒருவர் மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்டு உங்கள் உதவியை நாடி நிற்கிறார்.” அதோடு நிறுத்தவில்லை. அருவிக்கடியில் வீணாக்கிய மாதங்களின் கோபத்தையும் சேர்த்தேன். “காலையில் எழுந்ததும் தலைவலியா? காரணமில்லாமல் வாந்தியா? தெரிந்த சொல் நாக்கில் வர மறுக்கிறதா? பித்தம் என்று இருந்துவிடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.” ஒரு தடுமாற்றம் இல்லை, கணீரென்று வந்தது. நான் உருப்படியாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பியது. “அன்பார்ந்த பொதுமக்களே!” நானும் கூடவே வாயைத் திறந்தேன். காற்றும், மாடு முனகுவதுபோல ஒரு சத்தமும்தான் வந்தது. வெளியே அவன் அழகாகப் பேசிக்கொண்டே தெருமுனை தாண்டிப் போனான். சொந்தக் குரலின் மேல் பொறாமைப்பட்டவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அன்று நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன்.

ஆட்டோவில் கட்டியிருந்த உண்டியலில் சில்லறைதான் விழுந்தது. மனைவி மனம் பொறுக்காமல் அந்த மங்குஸ்தான் வியாபாரியிடம் நேரில் போய் நின்றாள். அவர் பதறிவிட்டாராம். “ஐயோ, அது அண்ணாச்சிக்கா? வேற யாருக்கோன்னுல்லா நெனச்சேன்! சீக்காளிக்கு எப்படிம்மா இவ்வளவு கணீர்னு பேச வரும்?” கையில் இருந்ததையெல்லாம் கொடுத்து அனுப்பினார். ஆனால் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி அவள் எத்தனை பேரிடம் சொல்வாள்? வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பதிவின் முன்னால் தன் குரலில் என் பெயரைச் சேர்த்துவிடுகிறேன் என்றார் டிரைவர். மறுநாள் காலை அதற்காக அவர் வந்திருந்தபோதுதான் கடையத்திலிருந்து ஒரு விவசாயி தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“அண்ணாச்சி, சந்தையில உங்க வெளம்பரத்தக் கேட்டுட்டுத்தான் இவளைக் கூட்டிட்டுப் போனேன். மூளையில பேச்சு வார எடத்துல கட்டின்னு சொல்லுதாங்க. ஆபரேஷன் பண்ணணுமாம். நீங்க யாருக்கோ பேசுனியள்லா, அதே மாதிரி எங்களுக்கும் ஒண்ணு பேசிக் குடுங்க.”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல நினைத்தேன் என்பதுகூட இப்போது ஞாபகமில்லை. ஒன்றும் வரவில்லை. காசு கேட்கத் தயங்குகிறேன் என்று நினைத்து அந்த மனுஷன் சட்டைப்பையில் கையை விட்டார். என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை. தனக்கு வரப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனை எடுத்துத் தட்டினேன். தட்டி முடிக்க வெகுநேரம் ஆனது. ‘நீயே பேசும்மா. பேச்சு இருக்கும்போதே பேசு. பேரைச் சொல்லு. அழுகை வந்தா வரட்டும், அழிக்காதே’ என்று எழுதி அவளிடம் நீட்டினேன்.

அவள் உதடசைத்துப் படித்தாள். படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“எனக்குக் கூச்சமா இருக்கு அண்ணாச்சி. நீங்க பேசுனதே இருக்கட்டும். அதுல பேரு ஒண்ணும் இல்லல்லா?”

இன்று காலை கடையம் சாலையில் அவளுக்காக ஓர் ஆட்டோ கிளம்பிப் போனது. நம் ஊரைச் சேர்ந்த உழைப்பாளி ஒருவர் என்று நான் கணீரென்று உதவி கேட்டுக்கொண்டே போனேனாம்.