திட்டக்கா நிற்கிற இடம்

"நில்லுடா எருமை! காலுக்குக் கீழ சாக்கடைக் குழி. மூடி இல்ல. சுவத்த ஒட்டிப் போ. மூடியத் தூக்கிட்டுப் போனவன் கை வெளங்காமப் போக."

எதிரே ஆளே இல்லாத நடைபாதையில், வெள்ளைக் கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, போனை உதட்டருகே பிடித்து இப்படித்தான் அக்கா கத்திக்கொண்டிருப்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் நாலடி தள்ளியே போவார்கள். கத்தி முடித்ததும் தான் பேசியதைத் தானே ஒருமுறை போட்டுக் கேட்பார். திருப்தி இல்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி திட்டுவார். இரண்டாவது திட்டு எப்போதும் முதல் திட்டைவிட நன்றாக இருக்கும்.

அவர் திட்டுவது போனுக்குள் இருக்கும் ஒரு செயலியிடம். பார்வையில்லாதவர்களுக்கு வழி சொல்கிற செயலி அது. இடம், வலம், நேரே என்று காதில் ஓதும். அதில் உருப்படியாக ஒரு வசதி உண்டு. போகிற வழியில் பள்ளமோ கம்பியோ இருந்தால் அங்கேயே நின்று சொந்தக் குரலில் ஒரு குறிப்பை விட்டுவிட்டுப் போகலாம். பின்னால் அந்த இடத்துக்கு வருகிற இன்னொருவர் காதில் அது ஒலிக்கும். மற்றவர்களெல்லாம் "முன்னால் தடை உள்ளது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் மட்டும், "தலை உயரத்துல இரும்புப் பலகை, குனி. நீ குட்டைன்னா உனக்குக் கவலையில்ல, நிமிர்ந்தே போ" என்றார். மருந்துக்கடை வாசலில், "கடைசிப் படி ஒடஞ்சு கெடக்கு. கடைக்காரனுக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, என்ன பிரயோஜனம்" என்றார். முகம் தெரியாத அந்தக் கூட்டம் அவருக்குத் திட்டக்கா என்று பெயர் வைத்தது. அக்காவுக்கு அதில் பெருமைதான்.

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருக்கிறார். நான் மாடியில். அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் மாடி. "ஏ மாடி, மேல நின்னு வேடிக்கை பாக்கறியா? கீழ எறங்கி வந்து இந்த வண்டிய யார் நிறுத்தினான்னு சொல்லு" என்பார். வண்டிகளுக்கு அவர் குறிப்புப் போடுவதில்லை. "அது நகர்ற சனியன். நாளைக்கு வேற எடத்துல நிக்கும்." அதனால் அவற்றுக்குக் கோலால் அடிதான். நடைபாதையில் பைக்கை ஏற்றி நிறுத்தியவன் ஓடி வந்து, "யம்மா, கண்ணு தெரியலையா?" என்று கேட்டால், "தெரியலடா. உனக்கு?" என்று இன்னும் ஓங்கி ஒன்று போடுவார்.

உதவி செய்கிறேன் பேர்வழி என்று கையைப் பிடித்து இழுப்பவர்களைக் கண்டால் அதைவிட எரிச்சல். ஒருமுறை ஒரு பெரிய மனிதர் கோலின் முன்நுனியைப் பிடித்து அவரைச் சாலையின் குறுக்கே நடத்திப் போய்விட்டார். அக்கா சாலையைக் கடக்கவே வந்திருக்கவில்லை. பஸ்ஸுக்காக நின்றிருந்தார். "மாட்டையா ஓட்டிட்டுப் போறீங்க? கையப் புடிக்கறதுக்கு முன்னாடி கேக்கணும். வாய் எதுக்கு இருக்கு?" என்று அங்கேயே பிடித்துக்கொண்டார். செயலியையும் அவர் விட்டதில்லை. நட்டநடுச் சாலையில் நிற்க வைத்துவிட்டு, "நீங்கள் சேருமிடம் வந்துவிட்டீர்கள்" என்று அது சொன்ன அன்று, "எங்க வந்துட்டேன், யமன் வீட்டுக்கா?" என்று கேட்டார்.

இத்தனை வாய் இருக்கிறவருக்கு வேலை என்ன தெரியுமா? ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை, சுவரில் ஒரு மின்விசிறி, காதில் ஹெட்போன். அவர் தனியாக இருக்கும் வேளைகளில் அங்கே விளக்கு எரியாது. அடுத்த ஷிப்டுக்காரி வந்து கதவைத் திறந்ததும் இருட்டுக்குள்ளிருந்து, "வணக்கம், சொல்லுங்க, உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்?" என்று தேனொழுகும் ஒரு குரல் கேட்கும். அவள் தினமும் அலறுவாள். அவள் அலறுவதற்காகவே அக்கா அந்த நேரம் பார்த்துக் குரலை இன்னும் கொஞ்சம் இழைப்பார். கணவர் அதே ஆஸ்பத்திரியின் சமையலறையில் இருக்கிறார். அவர் அதிகம் பேச மாட்டார். வீட்டில் அவருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவதால் அவருக்கு அந்தச் சிரமம் இல்லை.

குழி எங்கள் கட்டடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. கேபிள் பதிக்க வந்தவர்கள் சாக்கடையின் இரும்பு மூடியைத் திறந்தார்கள், போய்விட்டார்கள், மூடியும் போய்விட்டது. புகார் கொடுத்தோம். "சரிசெய்யப்பட்டது" என்று பதில் வந்தது. மறுபடி கொடுத்தோம், மறுபடியும் அதே பதில். கடைக்காரர்கள் சேர்ந்து குழியருகே ஒரு கழிக்கும் விளக்குக் கம்பத்துக்குமாக இடுப்புயரத்தில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டினார்கள். கட்டிவிட்டு, கடமை முடிந்ததென்று கல்லாவுக்குத் திரும்பினார்கள்.

"செவப்பாமே!" என்றார் அக்கா. "எனக்குச் செவப்புன்னா என்னன்னு நீ சொல்லு மாடி, கேப்போம். என் கோல் தரையத் தடவிட்டுப் போகுது. ரிப்பன் இடுப்புல தட்டும்போது கால் ஏற்கெனவே குழிக்குள்ள இருக்கும். கண்ணுள்ளவனுக்குக் கண்ணுள்ளவன் கட்டின ரிப்பன்!"

அன்றுதான் அந்தக் குறிப்பைப் போட்டார். எருமையில் தொடங்கி, கை விளங்காமல் போவதில் முடிகிற குறிப்பு.

அவரிடம் ஒரு கறாரான பழக்கம் இருந்தது. பள்ளம் மூடப்பட்டால், பலகை அகற்றப்பட்டால், அங்கே போய்க் கோலால் தட்டிப் பார்த்துவிட்டு, தன் குறிப்பைத் தானே அழித்துவிடுவார். சரியாகிவிட்ட இடத்தில் பழைய எச்சரிக்கை கிடந்தால் நாளைக்கு ஒருத்தரும் எந்த எச்சரிக்கையையும் நம்ப மாட்டார்கள் என்பார். செயலியில் இருக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். திட்டு கேட்டால் ஆபத்து. நேற்றுவரை கேட்ட திட்டு இன்று கேட்கவில்லை என்றால் அக்கா வந்து பார்த்துவிட்டார், வழி சரியாகிவிட்டது. அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம் இது.

பக்கத்துத் தெருவில் பிரெய்ல் அச்சகம் ஒன்று இருக்கிறது. அங்கே பிழை திருத்துகிற ஒரு பையன். பையன் என்றால் கல்யாண வயதுப் பையன். அக்கா அவனைப் புரூஃப் தம்பி என்பார். புள்ளிப் புள்ளியாக எழும்பிய தாளை வலது கை விரல்களால் தடவிக்கொண்டே போவான். ஒரு புள்ளி பிசகினாலும் விரல் நின்றுவிடும். வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகிற வழி எங்கள் நடைபாதைதான். குழியருகே வந்து, காதில் "நில்லுடா எருமை" என்று கேட்டதும் நிற்பான். சிரிப்பான். சுவரை ஒட்டிப் போவான். மாடியிலிருந்து அதைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அன்றைக்கு அவன் நிற்கவில்லை.

நான் கத்துவதற்குள் விழுந்துவிட்டான். கோல் இப்பக்கமும் அப்பக்கமும் தட்டுகிற இடைவெளியில் கால் உள்ளே போய்விட்டது. பிடிமானத்துக்கு நீட்டிய வலது கை, மூடி உட்கார்ந்திருந்த இரும்பு விளிம்பில் கிழிந்தது. மணிக்கட்டு ஒடிந்தது. அக்காவின் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனோம்.

வார்டுக்கு அக்கா வந்தபோது அவன் கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துப் படுத்திருந்தான். கட்டுக்கு வெளியே விரல்நுனிகள் மட்டும் தெரிந்தன. இடது கட்டைவிரலால் அவற்றை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். எலும்பு கூடிவிடும், நரம்பு அறுபட்டிருக்கிறது, விரலில் உணர்ச்சி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஏண்டா, என் குரல் கேக்கலையா?" என்றார் அக்கா.

"வரலக்கா. நேத்து வரைக்கும் வந்துச்சு. இன்னிக்கு வரல. சரி, குழிய மூடிட்டாங்க, நீங்க வந்து எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். சந்தோஷமா வேகமா நடந்தேன்க்கா."

அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திட்டுங்கக்கா. சும்மா நிக்கறீங்களே, பயமா இருக்கு" என்றான் அவன்.

வராந்தாவுக்கு வந்ததும் போனை என்னிடம் நீட்டினார். "இதுல என்னமோ சேதி வந்து கெடக்கு. தொட்டா 'படம்', 'படம்'ங்குது. என்னன்னு படி."

செயலி நடத்துகிற நிறுவனத்தின் அறிவிப்பு அது. பூவேலைப்பாடு போட்ட ஒரு படத்துக்குள் எழுத்துகளை அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். அக்காவின் போன் எதையும் வாசித்துக் காட்டும், படத்துக்குள் இருக்கும் எழுத்தை மட்டும் வாசிக்காது. பார்வையில்லாதவர்களுக்காகவே செயலி நடத்துகிறவர்கள் பார்வையில்லாதவருக்குப் படம் அனுப்பியிருக்கிறார்கள்! படிக்கும்போதே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருடைய குறிப்புகளில் இழிசொல் இருப்பதாக யாரோ புகார் செய்தார்களாம். குறிப்பாக, 'கை விளங்காமல் போக' என்பது கை செயலிழந்தவர்களைப் புண்படுத்துகிறதாம். எனவே அவருடைய எல்லாக் குறிப்புகளும் அகற்றப்பட்டுவிட்டனவாம். தன் தெருவில் அக்கா செயலியைப் போடுவதில்லை, மனப்பாடமான தெரு. ஆகவே தன் குரல் போய்விட்டது அவருக்கே தெரியவில்லை.

அங்கேயே அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் தேனாக ஒழுகியது. "வணக்கம், சொல்லுங்க மேடம், உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்?"

"இந்தக் குரல் என்கிட்டயே இருக்கும்மா, இத வித்துத்தான் நான் சோறு திங்கறேன். மனுஷக் குரல்ல பேசு. என் குறிப்பையெல்லாம் ஏன் எடுத்தீங்க?"

"மேடம், உங்க உணர்வுகள நாங்க மதிக்கிறோம். ஆனா பயனர்களோட மனசு புண்படக் கூடாதில்லையா..."

"மனசு புண்படக் கூடாது. கை ஒடியலாமா? குழிய எடுத்தியா நீ? குழி அங்கேயேதான கெடக்கு. குரல மட்டும் எடுத்திருக்கியே, பாவி! அந்தப் புள்ள விரலால படிக்கிறவன். அவனுக்குக் கண்ணே அதுதான். ரெண்டாந்தரம் குருடாக்கிட்டீங்களேடி அவன!"

பிறகு அந்தக் குரல், குறிப்புகள் மறுபரிசீலனையில் இருப்பதாகவும், அதுவரை பயனர்கள் கவனமாக நடக்குமாறும் கேட்டுக்கொண்டது. அக்கா போனை அணைத்தார்.

"எவனோ ஒருத்தன் கையச் சபிச்சேன், மாடி. இவன் கை போச்சே" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்து வந்தால் அவர் வீட்டுக்குள் போவதில்லை. குழிக்குப் பக்கத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கிறார். நாங்கள் குழிமேல் ஒரு பலகையைப் போட்டோம். நடைபாதையில் ஏறி வந்த பைக்குகள் அன்றைக்கே அதை உடைத்துப் போட்டன. "பகல்ல நீ பாத்துக்க. கண்ணு ரெண்டும் சும்மாதான இருக்கு" என்று என்னிடம் உத்தரவு. அக்காவின் கணவர் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, டம்ளரை வாங்கிப் போகிற சாக்கில் அவரும் கூடவே நின்றுவிடுகிறார். கோல் தட்டும் சத்தம் தூரத்தில் கேட்டாலே அக்கா நிமிர்ந்துவிடுவார். போகிற வருகிறவர்களில் ஒருவர் இரக்கப்பட்டு அக்காவின் கையில் சில்லறை வைத்துவிட்டுப் போக, அதை அந்த ஆளின் முதுகைக் குறிபார்த்து விட்டெறிந்தார். குறி தப்பவில்லை.

நேற்று மாலை நான் கீழே இறங்கிப் போனபோது கோல் தட்டும் சத்தம் ஒன்று வந்தது. எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு பெண், தோளில் பையோடு விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தாள். சட்டைப்பையில் இருந்த அவள் போன் சத்தமாகப் பேசியது. நிறுவனத்தின் மறுபரிசீலனை முடிந்திருக்க வேண்டும், குறிப்பு வந்துவிட்டது. இயந்திரக் குரல், நல்ல பண்பான குரல்.

"கவனம். இப்பகுதியில் மேற்பரப்பு மாறுபடலாம்."

அவள் வேகம் குறையவில்லை. எதற்குக் குறைய வேண்டும்? எந்தத் தெருவில்தான் மேற்பரப்பு மாறுபடவில்லை?

அக்காவின் கோல் அவள் முழங்காலுக்குக் குறுக்கே நீண்டது. இரண்டு கோல்களும் மோதிக்கொண்டன.

"யாரது?" என்றாள் அவள், கோபமாக.

"நில்லுடி எருமை! காலுக்குக் கீழ சாக்கடைக் குழி. மூடி இல்ல. சுவத்த ஒட்டிப் போ. மூடியத் தூக்கிட்டுப் போனவன்..."

அவ்வளவுதான். மிச்சத்தை அக்கா சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா! நீங்களா? ஏன் இத்தனை நாளா எங்கயுமே பேசல?" என்றாள் அந்தப் பெண்.

"கையக் குடு" என்று கேட்டார் அக்கா. அவள் நீட்டினாள். அதை வாங்கி, விரல் ஒவ்வொன்றையும் விரித்து, உள்ளங்கையைச் சுவரில் வைத்து அழுத்தினார்.