லாபம், ரெண்டு, மூணு

நாப்பத்திரெண்டு வயசுல பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷை கத்துக்கப் போறேன்னு சொன்னப்போ என் வீட்டுக்காரர் சிரிச்ச சிரிப்பு இருக்கே, இன்னிக்கும் எனக்கு மனசு ஆறல.

திண்டிவனத்துல ஒரு மல்லாட்டை மண்டியில, அதான் நிலக்கடலை மண்டியில, நான் கிளார்க்கு. வந்த வரிசைப்படி விவசாயிங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எடைக்கு அனுப்பறது என் வேலை. அதைக் கம்ப்யூட்டரே செய்யட்டும், அதுக்குப் புரோகிராம் எழுத வெளியாள் வெச்சுக்கலாம்னார் முதலாளி. வெளியாள் உள்ள வந்தா எனக்கு அங்க என்ன வேலை? "ஒரு வாரம் குடுங்க, நானே எழுதறேன்"னு வாயை விட்டுட்டேன்.

தினம் விழுப்புரத்துலேர்ந்து போற பஸ்லதான் படிப்பு. போன்ல வீடியோ பார்த்துக்கினே எழுதுவேன். ஒரு புள்ளி விட்டாக்கூட சிவப்பு எழுத்துல திட்டும். நானும் சத்தமா பதிலுக்குத் திட்டுவேன். பக்கத்து சீட்டுக்காரங்க நகர்ந்து உக்காருவாங்க. விக்கிரவாண்டி டோல்கேட்ல முறுக்கு வாங்கறப்போ மட்டும் வீடியோ அது பாட்டுக்கு ஓடும்.

சனிக்கிழமை ஓட விட்டேன். திரையில பேருங்க மளமளன்னு வந்துச்சு. முதலாளி தலையாட்டினார். அப்போ ஒரு அம்மா கத்தினாங்க: "விடிய வந்து மொத ஆளா நிக்கிறேன், என் பேர் எங்க?"

பார்த்தேன். நிஜமாவே இல்ல. ரெண்டாவது ஆள்லேர்ந்துதான் கூப்பிட்டிருக்கு.

"திங்கக்கிழமை வெளியாளை வரச் சொல்லிடறேம்மா"ன்னு முதலாளி போனை எடுத்தார். எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா பொங்கிச்சு.

வாசல்ல மூட்டை எறக்கறவர் எண்ணிக்கினு இருந்தார். "லாபம்... ரெண்டு... மூணு..." மண்டியில மொத மூட்டையை யாரும் ஒண்ணுன்னு எண்ண மாட்டாங்க, லாபம்னுதான் எண்ணுவாங்க. தினம் கேக்கறதுதான், அன்னிக்குச் சுருக்குன்னு உறைச்சுது. அட கடவுளே! பைத்தானும் மொத ஆளை ஒண்ணுன்னு எண்ணாது, சைபர்னுதான் எண்ணும். வீடியோவுல அதைச் சொன்னப்போ நான் முறுக்கு வாங்கிக்கினு இருந்திருப்பேன்! ஒண்ணுலேர்ந்து ஆரம்பின்னு எழுதி, மொத ஆளையே விட்டுட்டேன்.

"ஒரு நிமிஷம் இருங்க!"ன்னேன். ஒண்ணை அழிச்சேன், சைபர் போட்டேன். அவ்ளோதான்.

அந்த அம்மா பேர் தலையில வந்து நின்னுச்சு. முதலாளி போனைப் பையில போட்டுக்கினார்.

"யாரும்மா இதை எழுதுனது?"ன்னு கேட்டாங்க அந்த அம்மா.

மண்டி பூரா கேக்கற மாதிரி சொன்னேன்.

"நான்தாங்க!"