வெள்ளைதான் வேணும் என்ற பொன்னுச்சாமி

சூலக்கரையில் ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. சிவகாசி அச்சகத்தில் பொன்னுச்சாமியோடு வேலை பார்த்தவர் பேசினார். “சார், பொன்னுச்சாமி அண்ணன் காலைல தவறிட்டாக. நெஞ்சு வலிக்குன்னு சொன்னாகளாம். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.” எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எங்களுக்குள் ஒரு சண்டை பாதியில் நின்றிருந்தது. அதைப் பேசி முடிக்காமல் ஒரு மனிதர் எப்படிப் போகலாம்? வரிசையை விட்டு வெளியே வந்து பஸ் ஏறினேன்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மை கலந்தவர் பொன்னுச்சாமி. கம்பெனிக்காரர்கள் போன வருடத்து லேபிளை நீட்டி “இதே சிவப்பு வேணும்” என்பார்கள். அதை வெயிலில் ஒரு தடவையும் டியூப் லைட்டில் ஒரு தடவையும் பார்த்துவிட்டு மையை அள்ளிக் கலப்பார். சொன்ன சிவப்பு அப்படியே வந்து உட்காரும். நான் கால்நடை மருத்துவன். ஆமத்தூர்ப் பக்கம் ஆடு மாடுகளுக்கு ஊசி போட்டே ஓய்வு பெற்றவன். அவருடைய வெள்ளாடுகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய்த்தான் பழக்கம். அவர் என்னை “டாக்டரய்யா” என்பார். மரியாதையெல்லாம் கூப்பிடுவதோடு சரி, நான் சொன்னதை ஒருநாளும் கேட்டதில்லை.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய ஊர். அவர் தெருவில் எல்லாரும் ஒரு காலத்தில் அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர்கள், இப்போது பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். நிலம் வைத்திருந்தவர்கள் இருப்பது பெரிய தெரு. இருபது வருடத்துக்கு முன்னால் தங்கச்சி கல்யாணத்துக்கு, பெரிய தெருவில் ஒருவர் வாடகைக்கு விடும் வெள்ளைக் குதிரையையும் சாரட்டையும் கேட்கப் போயிருக்கிறார். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டவர், எந்தத் தெரு என்று தெரிந்ததும், குதிரைக்குக் காய்ச்சல் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அந்தக் குதிரை அலங்காரத்தோடு வேறொரு கல்யாணத்துக்குப் போனதை ஊரே பார்த்தது. தங்கச்சி நடந்துதான் போனாள். அன்றிலிருந்து பொன்னுச்சாமிக்கு ஒரே நினைப்பு. தன் மகள் கல்யாணத்தில் அதே பெரிய தெரு வழியாக வெள்ளைக் குதிரை போக வேண்டும். வாடகைக் குதிரையாக இருக்கக் கூடாது, சொந்தக் குதிரையாக இருக்க வேண்டும். கார் வைத்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டதற்கு, “காரு யாரு கேட்டாலும் குடுப்பான் டாக்டரய்யா. நமக்கு இல்லேன்னு சொன்னது குதிரையைத்தான்” என்றார். மகளுக்கு அடுத்த தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானதும், குதிரை பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஆமத்தூரிலேயே ஒரு குதிரை இருந்தது. செவலை நிறம், ஐந்து வயது, நான்கு காலும் தூண். நான் பல்லைப் பார்த்தேன், குளம்பைத் தூக்கிப் பார்த்தேன், நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்த்தேன். கடைசியில் பத்தடி தள்ளி ஒரு சரவெடியைக் கொளுத்திப் போடச் சொன்னேன். நம் ஊரில் கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற குதிரைக்கு அதுதான் பரீட்சை. வெடி படபடவென்று வெடித்துத் தீர்ந்தது. குதிரை காதை மட்டும் ஒரு தடவை திருப்பிவிட்டு மறுபடியும் புல்லைக் கடித்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது. “முடிச்சிருவோம்” என்றேன். பொன்னுச்சாமி உதட்டைப் பிதுக்கினார்.

“தங்கமான குதிரைதான். ஆனா செவலையா இருக்கே.”

“கலரையா வண்டியில பூட்டப் போறீக?”

“வேற எதுக்காக்கும் வந்தோம்?” என்றார். அதே செவலையில் நெற்றியும் நாலு காலும் வெளுத்த பஞ்சகல்யாணி ஒன்று இருக்கிறது, ராசியானது என்று கூட நின்ற தரகர் சொல்லிப் பார்த்தார். பொன்னுச்சாமி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது சாத்தூர் ரோட்டில் ஒரு தோட்டத்தில். பார்த்ததுமே வெள்ளை. எனக்கும் நிம்மதி. இவர் பையிலிருந்து அச்சகத்தில் மைப்புள்ளி பார்க்கும் சின்ன லென்ஸை எடுத்தார். குதிரையின் முதுகில் மயிரை விரலால் பிரித்து, லென்ஸை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். குதிரைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. இவர் அதோடு விடவில்லை. ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லிக் குதிரையின் தோளில் ஊற்றினார். நனைந்த இடம் சாம்பலாகத் தெரிந்தது.

“பாத்தீகளா? மேல மயிருதான் வெள்ளை, அடியில தோலு கறுப்பு. வெள்ளைக்கு மை கிடையாது டாக்டரய்யா. பேப்பரு வெள்ளையா இருந்தாத்தான் உண்டு. இது கறுப்புப் பேப்பரு.”

“வெள்ளைக் குதிரைன்னு ஊர் உலகத்துல சொல்றது பூராவும் இதுதான்யா! கறுப்புத் தோலாய் இருந்தாத்தான் நம்ம வெயிலைத் தாங்கும். தோலும் வெளுத்த குதிரைன்னா மூக்கெல்லாம் வெந்து புண்ணாயிரும்.”

“அன்னைக்கு அவுக வச்சிருந்தது மூக்கும் ரோஸா இருக்கும். நான் தொட்டே பாத்திருக்கேன்.”

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இப்படியே ஆறு மாதத்தில் ஒன்பது குதிரை பார்த்தோம். ஒன்பதும் நல்ல குதிரைகள் என்று சொல்லமாட்டேன். நாலு நிச்சயம் நல்லவை. ஒன்றுக்கு வாலில் பழுப்பு, இன்னொன்றுக்கு வயிற்றில் கைக்குட்டை அளவுக்கு ஒரு திட்டு. மை கலக்கிற கண்ணை வைத்துக்கொண்டு உயிருள்ள ஒன்றை வாங்கப் போனால் இப்படித்தான். அவர் அந்தப் பெரிய தெருக் குதிரையையே தேடிக்கொண்டிருந்தார். அது செத்துப் பத்து வருடம் ஆகியிருக்கும்.

ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்குப் போனோம். அங்கே கிடைத்துவிட்டது. “நுக்ரா சார், அசல் நுக்ரா” என்றார் வியாபாரி. பிறவியிலேயே தோலும் மயிரும் வெளுத்த சாதியை அப்படிச் சொல்வார்கள். மூக்கு ரோஸ். தண்ணீர் ஊற்றினாலும் வெள்ளை. பொன்னுச்சாமி லென்ஸைப் பைக்குள் போட்டுவிட்டு அதன் கழுத்தில் கை வைத்தபடி நின்றார். அந்த நேரம் பக்கத்துக் கடையில் ஒரு தகரத் தட்டு கீழே விழுந்தது. குதிரை நான்கு காலும் தரையில் படாமல் துள்ளி, கட்டியிருந்த முளையையே பிடுங்கிவிட்டது. இரண்டு பேர் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். நடுக்கம் அடங்கக் கால் மணி நேரம் ஆனது.

“தட்டுச் சத்தத்துக்கே இந்தப் பாடு. நீங்க இருக்கிறது வெடி ஊரு. உங்க சனம் கல்யாணத்துல வெடிக்கிற வெடிக்கு இது பொண்ணையும் மாப்பிள்ளையையும் சேத்துக் கவுத்துரும். வேண்டாம்.”

“நிறத்தை மாத்த முடியாது டாக்டரய்யா. மத்ததை நாம பாத்துக்கிடலாம்.”

“என்னத்தைப் பாத்துக்கிடுவீக? அப்ப நான் எதுக்கு?” என்று கத்தினேன். சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. குதிரையை வாங்கிவிட்டார். நான் தனியாக பஸ் பிடித்து விருதுநகரில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மார்கழிக் கடைசியில் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தார். பத்திரிகையை அவரே மை கலந்து அடித்திருந்தார், அழகாகத்தான் இருந்தது. வாங்கி மேசையில் போட்டுவிட்டு, “அந்தக் குதிரை யாரையாவது மிதிக்கும். அதைப் பாக்க நான் வரலை” என்று சொன்னேன். என் மனைவி காபியோடு வந்தபோது அவர் படி இறங்கிவிட்டிருந்தார். கல்யாணத்தன்று நான் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அதற்கப்புறம் இரண்டு தடவை அவர் போன் அடித்தார். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அடித்தால் எடுக்கலாம் என்று இருந்தேன். இவ்வளவுதான் என் புத்தி.

இழவு வீட்டில் அவர் மகள் செல்வி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். “கல்யாணத்துக்கு வருவீகன்னு அப்பா கடைசி வரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தாக” என்றாள். குதிரை யாரையாவது மிதித்ததா என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பொன்னுச்சாமி தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். கல்யாணத்தில் ஒருவரும் வெடி போடக் கூடாது, ஒரு ஓலை வெடி கூடக் கூடாது. பட்டாசு வேலை செய்கிற சனம். ஒரு கல்யாணம் என்றால் ஆளுக்கு ஒரு சரமாவது கொண்டுவந்து தெருவைப் புகையாக்கினால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். சொந்த மச்சினனே சண்டைக்கு வந்திருக்கிறார். “ஊருக்கெல்லாம் வெடி செஞ்சு அனுப்புறோம், நம்ம வீட்டுக் கல்யாணம் இழவு வீடு மாதிரியா போகணும்?” என்று கேட்டாராம். இவர் ஒவ்வொரு வீட்டிலும் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். மேளத்தைக்கூட மண்டபத்தோடு நிறுத்திவிட்டார்.

“பெரிய தெருவுல போகையில குளம்புச் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு, டாக்டரய்யா. அப்பா கயித்தைப் பிடிச்சு முன்னால நடந்தாக, நாங்க சாரட்டுல. வெடி போட்டுட்டுப் போயிருந்தா பெரிய தெருக்காரவுக எப்பவும்போலக் கதவைச் சாத்தியிருப்பாக. சத்தமே இல்லைன்னதும் என்னமோ ஏதோன்னு ஒவ்வொரு வீட்டுலயும் வெளிய வந்துட்டாக. பூராப் பேரும் பாத்தாக.”

அவர் என்னைப் போனில் கூப்பிட்டது இதைச் சொல்லத்தான் என்றும் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் போய்க் குதிரையைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் நின்றது. மூக்கு வெந்து தோல் உரிந்திருந்தது. நான் சொன்னபடியேதான் ஆகியிருந்தது, சரியாகச் சொன்னதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அன்று அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கும்போது யாரோ வெடிச் சரத்தைப் பிரித்தார்கள். “ஏலே, குதிரை நிக்குதுல்ல!” என்று மச்சினன்தான் அதட்டினார். சரம் பைக்குள் போய்விட்டது.

குதிரையை விற்க வேண்டாம் என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறேன். வாரத்துக்கு ஒருநாள் பஸ் ஏறிப் போய் அதன் மூக்கில் மருந்து தடவுகிறேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வெந்த மூக்குதான், பொன்னுச்சாமி. அது ஆறுவதற்குள் அடுத்த வெயில் வந்துவிடும் என்று தெரிந்தும் போகிறேன். தடவும்போது வாய்விட்டு உங்களைத் திட்டுகிறேன். மூன்றாவது தடவை ஏன் போன் அடிக்கவில்லை என்று கேட்கிறேன். சத்தம் போட்டுக் கேட்க முடியவில்லை, குதிரை மிரளும்.