மேல் வீட்டுக் கமரா

போன வருடம் ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்டிக்குப் பக்கத்தில், பன்வில தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு மேலே தொடங்கிய கதை இது. அந்த வீட்டு அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரப் போடாத. பல்லியப் போடு" என்றார். பல்லி பின்னால் வரும்.

அப்போது நான் கண்டி டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். தினமும் வத்தேகம வழியாக பஸ்ஸில் போய் வருவேன். கருத்துகளுக்கு எனக்குக் குறைச்சலே இல்லை. இலவசமாகக் கிடைக்கும் செயலி எல்லாம் நம்மை வேவு பார்க்கத்தான் என்பேன். என் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, அதன் கமராவுக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன். அதே வேகத்தில் அம்மாவின் போனிலும் முன்பக்கக் கமராவில் டேப் ஒட்டிவிட்டேன். சித்தி வீடியோ கோலில் வந்து, "ஏன் அக்கா இருட்டுல உக்காந்திருக்கீங்க, கரண்டு பில்லு கட்டலையா?" என்று கேட்ட பிறகுதான் அது கிழிபட்டது. தம்பிக்கு இதெல்லாம் பெரிய பகிடி. "நேத்து வச்ச கருவாட்டுக் குழம்பப் பார்க்கவா வெளிநாட்டுக்காரன் நம்ம வீட்டுக்குள்ள வருவான்?" என்பான். நீ ஒரு நாள் புரிந்துகொள்வாய் என்று அவனிடம் சொல்வேன். உலகத்தில் எனக்கு மட்டும் ஏதோ தெரியும் என்கிற மிதப்பு.

மேல் வீட்டு அக்காவின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், கட்டாரில் வேலை செய்கிறார். ஒரு களஞ்சியத்தில் இரவுக் காவல். மகள் ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். மாலையில் ஒன்லைன் வகுப்பு. பிரச்சினை அதில்தான்.

"மாசம் பாதியிலேயே டேட்டா முடிஞ்சிருது தங்கச்சி. மிஸ் கணக்குச் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே அப்படியே நின்னுருது. இவ ஒப்பாரி வைக்கிறா. நாங்க ஒண்ணும் படம் பார்க்கிறதுமில்ல" என்று அக்கா கூப்பிட்டார்.

எனக்கு இதைவிட என்ன வேண்டும்? மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டு குடையோடு ஏறினேன். ரவுட்டருக்குள் நுழைந்து, எந்தச் சாதனம் எந்த நேரத்தில் எவ்வளவு டேட்டாவை எடுக்கிறது என்று பார்த்தேன். டீவி கொஞ்சம். அக்காவின் போன் கொஞ்சம். மூன்றாவதாக ஒன்று, அலுமாரிக்கு மேல் இருந்த சின்ன வெள்ளைக் கமரா, எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது அண்ணன் கொண்டுவந்து வைத்தது. தானாகத் திரும்பாத மலிவு வகை.

பிறகு நேரத்தைப் பார்த்தேன். தினமும் காலை ஒன்பதரைக்குப் பிறகு தொடங்குகிறது. பின்னேரம் நாலு மணி வரை நிற்கவே இல்லை. யாரோ ஆறு மணித்தியாலத்துக்கு மேல் இந்த வீட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

"அண்ணன் பார்க்கிறதா அக்கா?"

"அவரா? எப்பவாவது வெள்ளிக்கிழமையில என் போன்லதான் பாப்பாவப் பார்ப்பாரு. நீ சொல்ற நேரம் அவரு டியூட்டி முடிஞ்சு வந்து தூங்கிற நேரமாச்சே."

அது எங்கே போகிறது என்று தேடினேன். நானோ அக்காவோ கேள்விப்பட்டே இராத ஒரு ஊரிலுள்ள சேர்வரைக் காட்டியது. கமரா கம்பெனிகள் படத்தைத் தங்கள் சேர்வர் வழியாகத்தான் சுற்றி அனுப்பும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான், கிடைத்துவிட்டான்.

"யாரோ உள்ள நுழைஞ்சிட்டாங்க அக்கா. நீங்க தனியா இருக்கிற நேரம் பார்த்து ஒங்களப் பார்த்துக்கிட்டு இருக்காங்க."

இப்படித்தான் சொன்னேன். இதே வார்த்தைகளில். அக்கா நின்ற இடத்திலேயே சட்டையின் கழுத்துப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். குளித்துவிட்டு இந்த வழியாகத்தானே வருவேன் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு ஒரு துவாயை எடுத்துக் கமராவுக்கு மேல் போட்டார். நான் ரவுட்டரில் கமராவை மொத்தமாக மறித்தேன். பிறகு பாதுகாப்பு, தனியுரிமை, கடவுச்சொல் என்று கால் மணி நேரம் பேசினேன். தேத்தண்ணியும் முறுக்கும் தந்தார். மழையில் இறங்கி வரும்போது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய நினைப்பு எனக்கு.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கினால் அக்கா குடையோடு நிற்கிறார். எனக்காகத்தான்.

"அவர்தான் தங்கச்சி" என்றார்.

"எவர்?"

"எங்க வீட்டுக்காரருதான். திங்கக்கிழமை பகல் கோல் எடுத்து, வீட்டுல நெட் வேலை செய்யலையான்னு கேட்டாரு. நான் பயந்து போய் எல்லாத்தையும் சொன்னேன். அப்புறம், 'அது யாருமில்ல, நான்தான்'னாரு. நான் வச்சிட்டேன். அதுக்குப் பொறகு அவரு கோல் வந்தா நான் எடுக்கல."

ஏற்றத்தில் ஏறிக்கொண்டே பேசினார். மூச்சு வாங்கியது, அதைவிடக் கோபம் வாங்கியது. அந்தக் கமராவை வைத்த அன்றே குழாயடியில் ஒருத்தி, "காவக்காரன் பொண்டாட்டிக்கும் காவல் போட்டுட்டான்" என்று சிரித்தாளாம். பிள்ளையைப் பார்க்கத்தான் என்று அக்கா அவளோடு சண்டைக்குப் போயிருக்கிறார். "இப்ப அவ சொன்னதுதானே சரியாப் போச்சு? தூங்கிறேன்னு சொல்லிட்டு ஆறு மணித்தியாலம் என்னையக் காவல் காத்திருக்காரு. நான் எப்படி இருக்கேன்னு இந்தத் தோட்டத்துல யாருகிட்டயும் கேக்கட்டுமே. என்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்ல?"

என் கருத்துகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. யாரோ அந்நியன் என்று நான் கிளப்பிய பயம், கணவரே தன்னைச் சந்தேகப்பட்டுவிட்டார் என்கிற, அக்காவால் தாங்க முடியாத நினைப்பாகத் திரும்பியிருந்தது. அதைக் கிளப்பியவள் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை வாயை மூடிக்கொண்டு, முதலில் அண்ணனிடம் ஒரு தரம் கேட்போம் என்று சொல்லியிருந்தால் போதும்.

வீட்டுக்குள் போனதும் மகளை உள்ளறையில் படிக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அதுல அவரு என்னத்தப் பார்த்தாருன்னு எனக்குக் காட்டு. பார்த்திட்டுக் கழட்டி எறிஞ்சிரு."

அக்காவின் போனிலும் அந்தச் செயலியை அண்ணன் போட்டுத்தான் கொடுத்திருந்தார். அக்கா ஒரு நாளும் திறந்ததில்லை. நான் ரவுட்டரில் மறிப்பை எடுத்துவிட்டு, துவாயை இழுத்துவிட்டு, செயலியைத் திறந்தேன். கொஞ்ச நேரம் வட்டம் சுற்றியது. பிறகு படம் வந்தது.

தகரம். கூரைத் தகரமும் ஒரு குறுக்குச் சட்டமும். ஓரத்தில் ஜன்னலின் மேல்விளிம்பு, விரல் அகலத்துக்கு. சட்டத்தில் ஒட்டடை. ஒட்டடைக்குப் பக்கத்தில் ஒரு பல்லி.

கமரா பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால், மேலே அதே பல்லி. கமரா கூரையைப் பார்த்துக்கொண்டு மல்லாக்கக் கிடந்தது.

"இது எப்ப இப்படித் திரும்பினது அக்கா?"

அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். யோசித்தார். "பொங்கலுக்கு வீடு கழுவினப்போ தூக்கி வச்சேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அதுக்குப் பொறகு தொடல."

தையிலிருந்து ஐப்பசி. பத்து மாதம். வெள்ளிக்கிழமைகளில் பாப்பாவோடு பேசியதெல்லாம் அக்காவின் போனில் வீடியோ கோலில்தான். பத்து மாதமாக அந்த மனிதர், தினமும் ஆறு மணித்தியாலம், ஒரு தகரக் கூரையை மட்டும் திறந்து வைத்திருந்திருக்கிறார். ஒரு தடவைகூட, கொஞ்சம் திருப்பி வை என்று கேட்டதில்லை.

அப்போது குசினியில் குக்கர் விசில் அடித்தது. ஒரு நொடி கழித்து என் கையிலிருந்த போனிலிருந்தும் அதே விசில் வந்தது. நாங்கள் இருவரும் போனைப் பார்த்தோம். உள்ளறையில் மகள் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வரியை முடிக்க, போன் பின்னாலேயே அந்த வரியைச் சொன்னது. தகரத்தில் விழும் மழையும் இரண்டு தடவை பெய்தது.

அக்கா போனை என் கையிலிருந்து வாங்கினார். செயலியை மூடிவிட்டு அவருக்குக் கோல் எடுத்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். "இரு. நீதானே கண்டுபிடிச்சே, நீயும் கேளு" என்று ஸ்பீக்கரில் போட்டார்.

முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார் அண்ணன்.

"பத்து மாசமா ஒட்டடையத்தான் பார்த்தீங்களா?"

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல். பிறகு அண்ணனின் குரல், தயங்கித் தயங்கி. "பார்க்கிறதுக்கில்ல. சத்தத்துக்குப் போட்டு வைக்கிறது. இங்க ஒரு ரூம்ல எட்டுப் பேரு. பகல்ல தூங்கணும். ஏசி லொறி மாதிரி கத்துது. காதுல ஒயர மாட்டிக்கிட்டு நம்ம வீட்டப் போட்டா தூக்கம் வந்திரும். நீ அம்மியில அரைக்கிறது கேக்கும். ரெண்டு மணிக்குப் புள்ள வந்து பைய வீசிறது கேக்கும். அவள நீ ஏசறது கேக்கும்."

"அத ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ மெதுவாப் பேசுவே."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு அக்கா சொன்னார். "இருந்தாலும் கேக்காம கேட்டது தப்புதாங்க. ரெண்டு நாளா நான் செத்துப் பொழச்சேன்."

"தப்புதான். அந்தத் தங்கச்சி யாரோ திருடன்னு சொன்னதா நீ சொன்னப்பதான் நான் செஞ்சது எனக்கே விளங்கிச்சு. வேணாம்னா கழட்டிரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." பிறகு, ஏதோ முக்கியமான விஷயம் விட்டுப்போனது போல, "அந்தப் பல்லி இன்னும் இருக்கா?" என்றார்.

அக்கா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "இருக்கு. ஒங்க வீட்டுச் சாமானுதானே, பத்திரமா இருக்கு."

கழற்றி எறியச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வேறொன்று கேட்டார். "இதுக்கு ஒரு சுவிட்ச் வச்சுத் தர முடியுமா தங்கச்சி? எனக்கு வேணும்னா போடுவேன். வேணாம்னா நிப்பாட்டுவேன். அது என் கையில இருக்கட்டும்."

அடுத்த நாளே கண்டியிலிருந்து சுவிட்ச் வைத்த ஒரு பிளக் வாங்கி வந்து, அக்காவின் கைக்கு எட்டும் உயரத்தில் பொருத்தினேன். கமராவை அதே இடத்தில், கூரையைப் பார்த்தபடியே விட்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அக்கா சொன்னார். படத்தின் தரத்தை ஆகக் கீழே இறக்கினேன், சத்தத்தைத் தொடவில்லை. அந்த மாதம் டேட்டா கடைசி நாள் வரை வந்தது. மகளின் வகுப்பும் நிற்கவில்லை. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை.

பிளக்கைப் பொருத்திவிட்டு வந்த அன்று அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நானும் தம்பியும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஏழு வருடம் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தவர் அம்மா. அந்த வருடங்களைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே இருக்கும்போது எங்களுடைய எந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் போல இருந்தது என்று கேட்டேன்.

அம்மா சுளகை நிறுத்தவில்லை. "நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறது" என்றார். "கார்டு போட்டுக் கோல் எடுத்தா ரெண்டும், 'நல்லா இருக்கோம்மா, நல்லாப் படிக்கிறோம்மா'ன்னு பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிற மாதிரி சொல்லுவீங்க. வச்ச பொறகு, கொஞ்சம் அடிச்சுக்கிட்டாவது இருந்திருக்கலாமேன்னு நெனப்பேன்."

என் கருத்துகள் பெரிதாக மாறிவிடவில்லை. மடிக்கணினியில் இன்னும் லினக்ஸ்தான். கமராவில் இன்னும் டேப்தான். கேட்காமல் ஒரு வீட்டுக்குள் காதை வைப்பது இப்போதும் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் எதையும் மறிப்பதற்கு முன் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்கிறேன். எத்தனை மணிக்கு, எவ்வளவு, எந்த ஊருக்கு என்று ரவுட்டர் எல்லாம் சொன்னது. ஏன் என்பதை அந்த அக்காதான் ஒரு கோல் எடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. இப்போதும் லீவு நாளில் பகல் மழை எங்கள் தகரத்தில் விழும்போது, தம்பியோடு போடுகிற சண்டையைக் கொஞ்சம் சத்தமாகவே போடுகிறேன், யாருக்கோ இது தூக்க மருந்தாக இருந்திருக்கும் என்ற நினைப்போடு.