அம்மன் உத்தரவில் போட்ட ஷூ

மாரியம்மனை நம்பி வாழும் எல்லாருக்கும் என் கும்பிடு.

போன வருஷம் மாசியில் என் வலது முட்டி என்னைக் கைவிட்டது. இடது முட்டி தனியாக இருக்கப் பிடிக்காமல் அதன் பின்னாலேயே போனது. கல்வராயன் மலையில் எங்களுக்குச் சரிவாக ஒரு காடு. சாமையும் மரவள்ளியும் போடுவோம். ஏறுவதுகூடப் பரவாயில்லை. இறங்கும்போது முட்டிக்குள் யாரோ உப்புக்கல்லைப் போட்டு அரைப்பது போல இருக்கும். அதனால் ஒரு வித்தை கண்டுபிடித்தேன். பின்பக்கமாகவே இறங்கினேன். வலி குறைந்தது, மானம் போனது. ஒரு நாள் அப்படியே வந்து, மேய்ந்துகொண்டிருந்த ஆட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா பங்காளி, ரிவர்ஸ்லயே வந்துக்கினு இருக்க, ஆரன் அடிக்க மாட்டியா?" என்றான் ஆட்டுக்கு உடையவன் முருகேசன்.

அங்கே சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். என் மனைவி காசியம்மா மெதுவாகச் சொன்னாள்: "காட்டக் குத்தகைக்கு உட்டுடலாம் மாமா. நீ வூட்ல இரு."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கல் பொறுக்கிப் பொறுக்கி நான் காடாக்கிய நிலம் அது. அதை இன்னொருவன் உழ, நான் உட்கார்ந்து பார்ப்பதா?

மாரியம்மன் கோயிலில் போய் விழுந்தேன். "தாயே, என் காட்டில் என்னை நடக்க வை. முட்டி சரியாகும் வரை காலில் செருப்பு போட மாட்டேன்," என்று வேண்டிக்கொண்டேன். யோசித்துப் பாருங்கள். முட்டி வலிக்காரன், கல்லும் முள்ளுமான மலையில் வெறுங்காலோடு நடக்கிறேன் என்று சாமிக்கு வாக்குக் கொடுக்கிறான். அம்மன் அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். வலி ஜாஸ்தியானதுதான் மிச்சம்.

சித்திரையில் காசியம்மா என்னை பஸ் ஏற்றி கள்ளக்குறிச்சிக்கு இழுத்துப் போனாள். எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா என்னை முன்னும் பின்னும் நடக்கவிட்டார். பின்னால் நடப்பதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்ததால் அதைப் பிரமாதமாகச் செய்தேன்.

"உங்க கால் வில்லு மாதிரி வளைஞ்சிருக்குங்க ஐயா. பாரம் முட்டியோட உள்பக்கமே விழுந்து அங்க தேயுது. ஷூவுக்குள்ள இன்சோல் வெச்சுப் பாக்கலாம். வெளி ஓரம் கொஞ்சம் தடிமனா இருக்கும், உள்பக்கத்துப் பாரம் கொஞ்சம் கம்மியாகும். தேஞ்சது திரும்ப வளராது. எல்லாருக்கும் இது கேக்கும்னும் சொல்ல முடியாது. தொடைக்குச் சொல்ற பயிற்சியையும் விடாம செய்யணும்."

"நான் காலில எதுவும் போடக் கூடாதுங்க. வேண்டுதல்," என்றேன்.

டாக்டரம்மா காசியம்மாவைப் பார்த்தார். காசியம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

அம்மனுக்குக் கொடுத்த வாக்கை அம்மன்தான் மாற்ற வேண்டும். பூ வைத்து உத்தரவு கேட்பது என்று முடிவு செய்தோம். வெள்ளைப் பூ வந்தால் ஷூ, சிவப்பு வந்தால் வெறுங்கால். சிவப்பு வந்தால் காடு போச்சு என்று எனக்குத் தெரியும். பூவை இலையில் மடிக்க உட்கார்ந்தபோது, இரண்டிலும் வெள்ளையையே வைத்தால் என்ன என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது.

"இன்னா மாமா, மூஞ்சி ஒரு மாதிரி போவுது? குடு இப்டி," என்று பிடுங்கி அவளே மடித்தாள்.

பூசாரி இரண்டு பொட்டலத்தையும் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். குனிந்து எடுக்க என் முட்டி விடவில்லை. காசியம்மாவே ஒன்றை எடுத்துப் பிரித்தாள். என் முன்னால் நீட்டினாள்.

மல்லிகை.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். எழுப்பி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

வைகாசியில் வேட்டிக்குக் கீழே இன்சோல் வைத்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு தெருவில் இறங்கினேன். "இன்னாண்ணா, போலீஸ்ல சேந்துட்டியா?" என்று கேட்காதவர் இல்லை. முதல் வாரம் குதிகாலில் கொப்புளம். காசியம்மா மேற்பார்வையில் தினமும் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி. போலீஸே தேவலாம். ஆடி வரைக்கும் பெரிய மாற்றம் தெரியவில்லை. அம்மனிடம் சண்டைகூடப் போட்டேன்.

ஆவணியில் ஒரு காலை, களை பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வழி வந்த பிறகுதான் கவனித்தேன், என் முகம் பள்ளத்தைப் பார்த்திருந்தது. வலியே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த வலி, இப்போது கூட நடந்து வருகிற அளவுக்கு அடங்கியிருந்தது. அதற்கே "தாயே!" என்று கத்திவிட்டேன். கீழே முருகேசன் அவசரமாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒதுங்கினான்.

ஐப்பசியில் சாமையை நானும் இறங்கி அறுத்தேன். குத்தகைப் பேச்சு நின்றது. முதல் படிச் சாமையை நானே சுமந்து கோயிலுக்குப் போனேன். ஷூவை வெளியே கழற்றிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தேன். கர்வம்தான். அவள் கொடுத்த கர்வம், அவள் முன்னால் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவேன்?

முட்டியைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, என் இன்சோல் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். என் தாய் பொருந்துவாள். முதலில் அவளிடம் சொல்லுங்கள், பிறகு டாக்டரிடம் காட்டுங்கள். வரிசை மாறிப் போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.